புகைப்படம் நிற்கும் பத்து விநாடி
ஸ்லைடு ஷோவுக்குச் சிறிய புரொஜெக்டர் வாங்கப் போகிறவர்களுக்கு

சினிமாவில் ஒரு ஷாட் நாலைந்து விநாடியில் ஓடிவிடும். கண் கதையைத் துரத்திக்கொண்டிருக்கும். அலுவலகக் கூட்டத்தில் எழுத்தும் கட்டமும் தெரிந்தால் போதும், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். புகைப்படத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. திரையில் அது பத்து விநாடி அசையாமல் நிற்கும். பார்க்கிறவரின் கண் முகத்தில் தொடங்கி, சேலைக் கரைக்கு இறங்கி, பின்னணியில் இருக்கும் இருட்டுக்குள் நுழைந்து, மறுபடி முகத்துக்கு வரும். புரொஜெக்டரில் என்னென்ன குறை உண்டோ, அத்தனையும் அந்தப் பத்து விநாடியில் வெளியே வந்துவிடும். வெள்ளை வேட்டியில் பச்சை படிந்திருக்கும். நாலு மூலையும் மசமசவென்று இருக்கும். கறுப்பு என்று நாம் எடுத்தது திரையில் சாம்பலாக வெளுத்துக் கிடக்கும்.

அதனால்தான் சினிமா பார்க்கவும் கிரிக்கெட் பார்க்கவும் 'சூப்பர்' என்று பேர் வாங்கிய புரொஜெக்டர், புகைப்படம் காட்டும்போது காலை வாரிவிடுகிறது. கடைக்காரரும் விளம்பரமும் பேசுவது சினிமா, அலுவலகம் என்ற இரண்டு தேவைகளைப் பற்றித்தான். மூன்றாவது தேவையான புகைப்படத்துக்கு வாங்குகிறவர் வேறு கேள்விகளோடு போக வேண்டும்.

இப்படி வாங்குகிறவர்கள் கொஞ்சப் பேர் இல்லை. ஊர் ஊராகப் போட்டோகிராபி கிளப்புகள் இருக்கின்றன. பறவை பார்க்கிறவர்கள் பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் படம் காட்டிப் பேசுகிறார்கள். கோயில் சிற்பங்களை எடுத்து வைத்திருப்பவர்கள், பழைய குடும்பப் படங்களை ஸ்கேன் செய்து சொந்தபந்தங்களுக்குப் போட்டுக் காட்ட நினைப்பவர்கள் என்று பலர். மெட்ராஸ் போட்டோகிராபிக் சொசைட்டி 1857-ல் தொடங்கியது, உலகின் மிகப் பழைய புகைப்படச் சங்கங்களில் ஒன்று. படத்தைச் சேர்ந்து உட்கார்ந்து பார்த்து, சேர்ந்து பேசும் பழக்கம் நமக்குப் புதிதல்ல. பிரான்சில் ஆர்ல் நகரத்துப் புகைப்பட விழாவில் பழைய ரோமானிய அரங்கின் திறந்தவெளியில் இரவில் படம் காட்டுவதே பெரிய நிகழ்ச்சி. அந்த விழா 1970-லிருந்து நடக்கிறது. கைப்பேசியில் கட்டைவிரலால் தள்ளிவிட்டுப் போகிற படத்தை இருட்டில் நாற்பது பேர் மூச்சுவிடாமல் பார்ப்பதை ஒருமுறை கண்டவர்களுக்கு, இந்தச் செலவு ஏன் என்று விளக்க வேண்டியதில்லை.

முன்பு இதில் குழப்பம் குறைவு. ஸ்லைடு பிலிமில் எடுத்தால் அந்தப் பிலிமே மூலம். அதன் வழியாகப் பல்பு வெளிச்சம் நேராகத் திரைக்குப் போனது. கோடாக் கேரசல் புரொஜெக்டரின் வட்டத் தட்டில் 80 ஸ்லைடுகளை அடுக்கி, பித்தானை அமுக்கினால் 'க்ளக்' என்று அடுத்த படம் வந்து விழும். நிறத்தைக் கெடுக்க நடுவில் எதுவும் இல்லை. 2004-ல் கோடாக் ஸ்லைடு புரொஜெக்டர் தயாரிப்பையே நிறுத்தியது. இன்று படத்துக்கும் திரைக்கும் நடுவில் லேப்டாப், கேபிள், சிப், ஒளிமூலம் என்று பல கைகள் மாறுகின்றன. ஒவ்வொரு கையும் படத்தைக் கொஞ்சம் திருத்திவிட்டுத்தான் அடுத்த கைக்குக் கொடுக்கிறது.

அட்டைப்பெட்டி லூமன்ஸ்

முதலில் வெளிச்சக் கணக்கு. ஆன்லைனில் ஐயாயிரம், எட்டாயிரம் ரூபாய்க்கு விற்கும் புரொஜெக்டரின் பெட்டியில் '9000 லூமன்ஸ்' என்று போட்டிருக்கும். இதற்குப் பொருளே இல்லை. ஒளிமூலத்திலிருந்து புறப்படும் வெளிச்சம் ஒன்று, லென்ஸைத் தாண்டித் திரையில் விழும் வெளிச்சம் வேறு. 'ஆன்சி லூமன்ஸ்' என்று எழுதியிருந்தால், திரையை ஒன்பது கட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றின் நடுவிலும் அளந்து, சராசரி எடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். 'ஐஎஸ்ஓ லூமன்ஸ்' என்பதும் நம்பத்தக்க அளவே. வெறும் 'லூமன்ஸ்', 'எல்இடி லூமன்ஸ்', 'லக்ஸ்' என்று மட்டும் போட்டிருந்தால் அந்த எண்ணைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள். '4கே சப்போர்ட்' என்பதும் இதே ரகம். 4கே வீடியோவை வாங்கிக்கொள்ளும் என்றுதான் அதற்கு அர்த்தம், 4கே-யில் காட்டும் என்று அல்ல. 'நேட்டிவ் ரெசல்யூஷன்' என்ன என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

எவ்வளவு வெளிச்சம் தேவை என்பதை வீட்டிலேயே கணக்குப் போட்டுவிடலாம். திரையரங்குகளுக்கு வகுத்திருக்கும் அளவுப்படி, நல்ல இருட்டில், சாதாரண வெள்ளைத் திரையில், ஒரு சதுர அடிக்கு 14 முதல் 16 லூமன்ஸ் போதும். ஏழு அடி அகலம், நாலு அடி உயரத் திரை என்றால் 28 சதுர அடி. பதினாறால் பெருக்கினால் 448. ஆக, முழு இருட்டில் ஏறக்குறைய 450 உண்மையான லூமன்ஸ் போதும். ஆனால் நிறம் சரியாக இருக்கும் 'மோடு'க்கு மாற்றினால் வெளிச்சம் கணிசமாகக் குறையும். அதற்கும் இடம் விட்டு இரண்டு மடங்காக வைத்துக்கொள்ளுங்கள், 900. பத்தடி அகலத் திரைக்கு இதே கணக்கு 1,800-ஐத் தொடும்.

இதைத் திருப்பிப் போட்டும் பார்க்க வேண்டும். தண்ணீர் பாட்டில் அளவில் வரும் பேட்டரி புரொஜெக்டர்கள் பெரும்பாலும் 200, 300 ஆன்சி லூமன்ஸ்தான். 200 லூமன்ஸை 16-ஆல் வகுத்தால் 12.5 சதுர அடி. அதாவது நாலே முக்கால் அடி அகலப் படம், அதுவும் முழு இருட்டில். பெட்டியில் '120 அங்குலம்' என்று போட்டிருக்கலாம். அந்த அளவுக்குப் பெரிதாக்கினால் யானை தெரியும், யானையின் தோல் தெரியாது.

கறுப்பு எங்கிருந்து வருகிறது?

எந்தப் புரொஜெக்டராலும் கறுப்பு நிறத்தை வீச முடியாது. வெளிச்சம் விழாத இடம்தான் கறுப்பு. அறையில் டியூப்லைட் எரிந்தால் திரை வெளுத்திருக்கும், படத்தின் கறுப்பும் அதே அளவுக்கு வெளுத்திருக்கும். புரொஜெக்டருக்கு எத்தனை ஆயிரம் கொட்டிக் கொடுத்தாலும் இதை மாற்ற முடியாது. காட்டுயிர்ப் புகைப்படக்காரர் மா. கிருஷ்ணன் எடுத்த கறுப்பு வெள்ளை யானைப் படங்களை நினைத்துப் பாருங்கள். நிழலுக்குள் நிற்கும் யானையின் உடம்பில் கறுப்புக்கும் சாம்பலுக்கும் நடுவில் எத்தனை படிகள்! அவை எல்லாம் படத்தின் இருண்ட கால்பகுதிக்குள் அடங்கியிருக்கின்றன. அறையின் வெளிச்சம் முதலில் அழிப்பது அந்தக் கால்பகுதியைத்தான்.

அதனால் என் யோசனை, புரொஜெக்டர் விலையை விசாரிக்கும் முன் எந்த இடத்தில் காட்டப் போகிறீர்கள் என்று போய்ப் பாருங்கள். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்ட முடியுமா? திரைக்கு நேர் மேலே இருக்கும் விளக்கை மட்டும் தனியாக அணைக்க சுவிட்ச் இருக்கிறதா? வெள்ளைச் சுவரும் வெள்ளைக் கூரையும் படத்தின் வெளிச்சத்தையே திருப்பித் திரையில் வீசும் என்பதால், திரையை ஒட்டிய பக்கச் சுவர்களில் அடர்நிறத் துணி தொங்கவிட்டால்கூடக் கறுப்பு இறங்கும். சில நூறு ரூபாய்த் துணி செய்கிற வேலையை '10,00,000:1 கான்ட்ராஸ்ட்' என்கிற அச்செழுத்து செய்யாது. அந்த எண், முழு வெள்ளையைக் காட்டி அளந்து, பிறகு ஒளிமூலத்தையே மங்க வைத்து முழுக் கறுப்பைக் காட்டி அளந்து, இரண்டையும் வகுத்து வருவது. ஒரே படத்தில் வெள்ளை வேட்டியும் கறுப்பு நிழலும் சேர்ந்து வரும்போது அதற்கு வேலையில்லை.

திறந்தவெளியில் காட்டுவதென்றால் பொழுது சாய்ந்ததும் தொடங்கிவிடாதீர்கள். சூரியன் மறைந்த பிறகும் அரை மணிக்கு மேல் வானத்தில் வெளிச்சம் இருக்கும். ஏழரை மணி என்று அறிவிப்பதே நல்லது.

நிறம்: இங்கேதான் நிற்க வேண்டும்

சிறிய புரொஜெக்டர்களில் இரண்டு பெரிய குடும்பங்கள் உண்டு. ஒன்று டிஎல்பி. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில் லாரி ஹார்ன்பெக் 1987-ல் கண்டுபிடித்த சிப்பில் இருந்து வந்தது. விரல்நகம் அளவுள்ள சிப்பில் லட்சக்கணக்கான நுண்கண்ணாடிகள் சாய்ந்தும் நிமிர்ந்தும் வெளிச்சத்தைத் திரைக்கு அனுப்பும். சிப் ஒன்றே ஒன்று என்பதால் சிவப்பு, பச்சை, நீலத்தை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டும், நம் கண் மூன்றையும் சேர்த்துக்கொள்ளும். அலுவலகத்துக்கென்று வரும் டிஎல்பிகளில் இதற்காக ஒரு கலர் வீல் சுற்றும். வெளிச்சத்தை ஏற்றிக் காட்ட அந்தச் சக்கரத்தில் நிறமில்லாத வெள்ளைத் துண்டு ஒன்றையும் பல நிறுவனங்கள் சேர்த்துவிடுகின்றன. வெள்ளைக் காகிதத்தில் கறுப்பு எழுத்தைக் காட்டும்போது பளிச்சென்று இருக்கும். செம்பருத்தியைக் காட்டினால் பூ செங்கல் நிறத்துக்கு மங்கிவிடும், வெள்ளைக்குக் கிடைத்த கூடுதல் வெளிச்சம் சிவப்புக்குக் கிடைக்காததால்.

இன்னொன்று 3எல்சிடி. எப்சன் புரொஜெக்டர்கள் பெரும்பாலும் இந்த வகை. மூன்று நிறத்துக்கும் தனித்தனிப் பேனல், மூன்றும் ஒரே நேரத்தில் ஒரு பட்டகத்தில் சேர்ந்து திரைக்குப் போகும். வெள்ளைக்கு எவ்வளவு வெளிச்சமோ, நிறங்களுக்கும் அவ்வளவு. புகைப்படத்துக்கு இது பெரிய சாதகம். பாதகமும் உண்டு. நல்ல டிஎல்பியில் பட இயந்திரம் மூடப்பட்டிருக்கும். எல்சிடியில் காற்று உள்ளே போய் வருவதால் தூசி புகுந்து, திரையில் மங்கலான பச்சை, நீலப் பொட்டுகளாகத் தெரியும். பில்டரைக் கழற்றித் துடைக்கிற பழக்கம் உங்களுக்கு இருக்க வேண்டும்.

பேட்டரியில் ஓடும் எல்இடி டிஎல்பிகளில் கலர் வீல் பெரும்பாலும் இருக்காது. மூன்று நிற எல்இடிகளே மாறி மாறி மின்னும். அதனால் வெளிச்சம் குறைந்தாலும் நிறம் பல நேரம் பெரிய ஆபீஸ் புரொஜெக்டரைவிட நேர்மையாக இருக்கும். மூவண்ண லேசர் வகைகளில் நிறம் கண்ணைப் பறிக்கும், அதுவே ஆபத்தும்கூட. நம் கேமரா படங்கள் பெரும்பாலும் எஸ்ஆர்ஜிபி என்கிற அளவான நிற எல்லைக்குள் இருப்பவை. லேசர் அதை இழுத்து விரித்துவிட்டால் மஞ்சள் பூசிய முகம் ஆரஞ்சாகும், வயல் பிளாஸ்டிக் பச்சையாகும். மெனுவில் எஸ்ஆர்ஜிபி அல்லது ரெக்.709 மோடு இல்லாத லேசர் புரொஜெக்டரை நான் புகைப்படத்துக்குப் பரிந்துரைக்க மாட்டேன்.

கடையில் இதை எப்படிப் பார்ப்பது? ஒரு கறுப்பு வெள்ளைப் படம் போதும். புரொஜெக்டரை எடுத்து வைத்தவுடன் அது 'டைனமிக்', 'பிரைட்' என்கிற மோடில் இருக்கும். சாம்பலில் மெல்லிய பச்சை ஏறியிருப்பதைப் பார்ப்பீர்கள். அதிகபட்ச லூமன்ஸைக் காட்டுவதற்காகப் பச்சையைத் தூக்கிவிட்டிருக்கிறார்கள், கண்ணுக்கு வெளிச்சமாகத் தெரிவதில் பச்சைக்குத்தான் பெரும்பங்கு என்பதால். இப்போது 'சினிமா' அல்லது 'எஸ்ஆர்ஜிபி'க்கு மாற்றுங்கள். படம் மங்கும். ஒரு நிமிடம் பொறுங்கள், கண் பழகட்டும். பச்சை போய், சாம்பல் சாம்பலாக நின்றால் அந்தப் புரொஜெக்டரோடு மேற்கொண்டு பேசலாம். அடுத்து ஒரு முகம். நம் ஊர் மாநிறத்து முகமாக இருக்கட்டும், கன்னத்தின் நிழல் பக்கம் சேற்று நிறமாகிறதா, தோலாகவே இருக்கிறதா என்று பாருங்கள். டிஎல்பி என்றால் இன்னொரு சோதனையும் உண்டு. கறுப்புப் பின்னணியில் வெள்ளைக் கோடு இருக்கும் படத்தைப் போட்டு, கண்ணை இடமும் வலமும் வேகமாக ஓட்டுங்கள். கோட்டின் ஓரத்தில் வானவில் போலச் சிதறுகிறதா? சிலருக்கு இது தெரியவே தெரியாது, சிலருக்குத் தலைவலியே வந்துவிடும். வீட்டில் எல்லோரையும் பார்க்கச் சொல்லுங்கள்.

24 மெகாபிக்ஸல் எங்கே போனது?

கேமராவில் 6000-க்கு 4000 புள்ளிகள், ஆக 2 கோடியே 40 லட்சம். முழு எச்டி புரொஜெக்டரில் 1920-க்கு 1080. நம் படத்தின் வடிவம் 3:2, திரையின் வடிவம் 16:9. எனவே கிடைமட்டப் படம் 1620-க்கு 1080 அளவில்தான் வரும், ஏறக்குறைய 17 லட்சத்து 50 ஆயிரம் புள்ளி. நெட்டுக்குத்தான படமென்றால் 720-க்கு 1080, எட்டு லட்சம்கூட இல்லை. அலுவலகங்களில் இருக்கும் 1280-க்கு 800 ரகத்தில் நெட்டுப் படத்துக்குக் கிடைப்பது நாலே கால் லட்சம். கோபுரத்தை நெட்டாக எடுத்துவிட்டுச் சுதை உருவங்களைக் காணோமே என்று தேடுவது இதனால்தான்.

16:10 வடிவத்தில் 1920-க்கு 1200 கிடைத்தால் விடாதீர்கள், புகைப்படத்துக்கு அதுதான் பொருத்தமான வடிவம். 4கே சிறிய புரொஜெக்டர்களில் பலவும் 1920-க்கு 1080 நுண்கண்ணாடிகளை நாலு தடவை லேசாக நகர்த்தி 4கே ஆக்குபவை. அசையாத படத்தில் இந்த வித்தை நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் கையில் இருக்கும் பணத்துக்கு 4கே-யா, நல்ல நிறமா என்று வந்தால் நிறத்தை எடுங்கள். நாலாவது வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்குப் புள்ளிகளின் எண்ணிக்கை தெரியாது, பச்சை முகம் தெரியும்.

பிக்ஸலைத் திருடும் இன்னொரு வசதி கீஸ்டோன். புரொஜெக்டரைக் கோணலாக வைத்தால் படம் சரிவகமாக விழும். அதை 'ஆட்டோ கீஸ்டோன்' செவ்வகமாக்கித் தரும். எப்படி? இருக்கும் புள்ளிகளைச் சுருக்கி, ஓரத்தை வெட்டி. படத்தின் கூர்மை அப்போதே போய்விடும். புரொஜெக்டரைத் திரைக்கு நேராக வைத்து, கீஸ்டோனைப் பூஜ்ஜியத்தில் விடுவதுதான் முறை. இதற்காக ஒரு டிரைபாட் அல்லது சரியான உயரத்தில் ஒரு மேசை வேண்டும். தானாக போகஸ் செய்யும் ரகங்களில், படம் ஓடும்போது யாராவது குறுக்கே போனால் நடுவில் மறுபடி தேட ஆரம்பிக்கும். தொடங்கும்போது ஒருமுறை போகஸ் செய்துவிட்டு அந்த வசதியை அணைத்துவிடுங்கள். சூடேறும்போது சிறிய லென்ஸ்களின் போகஸ் கொஞ்சம் நகரும் என்பதால், கால்மணி நேரம் ஓடவிட்டுப் பிறகு செய்வது உத்தமம்.

களத்தில்

1905-ல் திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், டூபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரையும் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கிக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்பினார். இன்றைக்கு மூன்று கிலோ பையோடு கிளம்புகிறவருக்கும் கவலைகள் உண்டு: மின்சாரம், திரை, பூச்சி.

மின்சாரத்துக்குப் பேட்டரி புரொஜெக்டர் வசதிதான். ஆனால் பேட்டரியில் ஓடும்போது பல ரகங்கள் வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும், இரண்டு, இரண்டரை மணி நேரத்துக்குமேல் தாங்கவும் செய்யாது. யுஎஸ்பி-சி வழியாகப் பவர் பேங்கில் ஓடுமா என்று கேட்டு வாங்குங்கள். பழைய பல்பு வகையில் மின்சாரம் திடீரென்று போனால் விசிறியும் நின்று, சூடான பல்பின் ஆயுள் குறையும். அதற்கு ஒரு சிறிய யுபிஎஸ் கட்டாயம்.

திரைக்கு வெள்ளை வேட்டி கட்டுவது நம் பழக்கம். வேட்டியின் வழியாக நிறைய வெளிச்சம் பின்பக்கம் போய்விடும். பின்னால் இன்னொரு துணியை இழுத்துக் கட்டி, நாலு பக்கமும் சுருக்கமில்லாமல் நிறுத்தினால் ஓரளவு சமாளிக்கலாம். மஞ்சள் சுவரில் காட்டினால் எல்லாப் படமும் மஞ்சள்தான். மடக்கிச் சுருட்டும் 'மேட் ஒயிட்' திரை ஒன்றை வாங்குவது, புரொஜெக்டரில் அடுத்த மாடலுக்குப் போவதைவிட அதிகப் பலன் தரும்.

பூச்சியை எந்தக் கையேடும் சொல்வதில்லை. மழை பெய்து ஓய்ந்த சாயங்காலம், ஒரு கிராமத்துப் பள்ளிக்கூட மைதானத்தில் பறவைப் படங்கள் ஓடிக்கொண்டிருந்தபோது ஈசல் கிளம்பியது. மீன்கொத்தியின் மேல் நூறு நிழல்கள். லென்ஸின் முன்னால் இறகுகள் குவிந்துவிட்டன, விசிறி வழியாக உள்ளேயும் போகப் பார்த்தன. ஊர்ப் பெரியவர் ஒருவர் தள்ளி ஒரு குண்டு பல்பைப் போட்டு, அடியில் அகலமான பாத்திரத்தில் தண்ணீர் வைத்தார். புரொஜெக்டரை அணைத்துத் துணியால் மூடிவிட்டு அரை மணி காத்திருந்தோம். ஈசல் பல்பைத் தேடிப் போய்விட்டது. பிள்ளைகள் ஒருவர்கூட எழுந்து போகவில்லை.

படங்களைத் தயார் செய்வதற்கும் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள். அடோப் ஆர்ஜிபி என்கிற விரிந்த நிற எல்லையில் இருந்தால் எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றி, புரொஜெக்டரின் புள்ளி அளவுக்கே சுருக்கி, அதன் பிறகு கூர்மை ஏற்றிச் சேமியுங்கள். புரொஜெக்டருக்குள் இருக்கும் ஆண்ட்ராய்டில் பென்டிரைவைச் செருகிக் காட்டினால் படத்தை அது தன் இஷ்டத்துக்குச் சுருக்கும், வரிசையும் மாறும். வைஃபை வழியாக அனுப்பினால் தரம் குறையும், நடுவில் அறுந்தும் போகும். லேப்டாப்பும் எச்டிஎம்ஐ கேபிளும்தான் நம்பகமான வழி. இணைத்த பிறகும் கறுப்பு வெளுத்தோ அடைந்தோ தெரிந்தால், லேப்டாப்பிலும் புரொஜெக்டரிலும் 'ஆர்ஜிபி ரேஞ்ச்' ஒன்றுபோல இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றில் 'லிமிடெட்', மற்றதில் 'ஃபுல்' என்று இருந்தால் எவ்வளவு நல்ல புரொஜெக்டரும் தோற்றுப்போகும்.

எதை வாங்கலாம்?

வீட்டில் பத்துப் பதினைந்து பேருக்கு, மொட்டை மாடியில், மின்சாரம் இல்லாத இடத்தில் என்றால் 200 முதல் 300 ஆன்சி லூமன்ஸ் உள்ள, முழு எச்டி, பேட்டரி எல்இடி டிஎல்பி போதும். படத்தை ஐந்தடி அகலத்தைத் தாண்டவிடாதீர்கள்.

கிளப், பள்ளிக்கூடம், முப்பது நாற்பது பேர் என்றால் ஆயிரம் லூமன்ஸுக்குக் குறையாத 3எல்சிடி முழு எச்டி புரொஜெக்டர். இரண்டு மூன்று கிலோ எடையில் தோள்பையில் அடங்கும். ஒரே ஒரு புரொஜெக்டர் வாங்க முடியும் என்கிறவருக்கு என் தீர்ப்பு இதுதான். புதிது எட்டாவிட்டால், அலுவலகங்கள் கழித்துக்கட்டும் பழைய 3எல்சிடியைத் தேடலாம். மெனுவில் பல்பு எத்தனை மணி ஓடியிருக்கிறது என்று பாருங்கள், முழுக் கறுப்புப் படத்தைப் போட்டுத் தூசிப் பொட்டுகளைத் தேடுங்கள், வெள்ளைப் படத்தைப் போட்டு ஒரு பக்கம் மஞ்சள் ஏறியிருக்கிறதா என்று கவனியுங்கள். மஞ்சள் இருந்தால் உள்ளே நீல ஒளி போகும் பாகம் வெந்துவிட்டது, அதை வாங்க வேண்டாம்.

நூறு பேருக்கு மேல், கல்யாண மண்டபம், வெளிச்சம் அணைக்க முடியாத அரங்கம் என்றால் வாங்காதீர்கள். வாடகைக்கு எடுங்கள். வருஷத்தில் ஒரு நாள் நிகழ்ச்சிக்காக ஐந்தாயிரம் லூமன்ஸ் புரொஜெக்டரை வாங்கி அலமாரியில் பூட்டி வைப்பதில் பயனில்லை.

எதை வாங்குவதானாலும் உங்கள் படங்கள் ஐந்தைப் பென்டிரைவிலும் லேப்டாப்பிலும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். ஒரு முகம், ஒரு கறுப்பு வெள்ளை, ஒரு சிவப்புப் பூ, ஒரு இரவுக் காட்சி, இலையும் கிளையும் நிறைந்த ஒரு காடு. கடையின் விளக்கை அணைக்கச் சொல்லி, ஒவ்வொன்றையும் பத்து விநாடி நிறுத்திப் பாருங்கள். விளக்கை அணைக்க மறுக்கிற கடையில் வாங்காதீர்கள்.